மெல்லிய நுரை

குன்றக்குடி வளைவில் வண்டி சாய்ந்ததில்
வலக்கைக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு.
கடைக்கும் போகமாட்டாராம், பிளேடும் ஆகாதாம்.
சாணை பிடித்த சவரக்கத்தியை
என்னிடம் நீட்டினார்.
நுரையை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்றேன்.

டப்பாவை அழுத்தினால்
பிறந்தநாள் கேக் மாதிரி வந்து உட்கார்ந்தது.
அதற்குள் மச்சம் எங்கே, தழும்பு எங்கே?
வட்டச் சோப்புக்குச் சந்தன வாசம்தான்,
ஆனால் பள்ளத்தூர் போர்த் தண்ணீர் பட்டதும்
திரிந்த பால்.
ஒரு கன்னம் முடிப்பதற்குள்
மறு கன்னத்தில் சுண்ணாம்பு.

ஏசி சொட்டுவதை வாளியில் பிடித்தேன்.
முதலில் இரண்டு துளி தேங்காயெண்ணெய்,
மேலே டியூப் கிரீம், மொச்சை அளவு.
பிரஷ்ஷைச் சுற்றச் சுற்ற
வழுக்கிக்கொண்டு வந்தது,
தோல் தெரிகிற நுரை.

“இம்புட்டு மெலிசாவா?”
“பேசாதீங்க. கத்தி.”

காதோரம் தோலை இழுத்துப் பிடித்து இறக்கினேன்.
கோடித் துணி கிழிகிற சத்தம்.
தாடைக்கு அடியில் வந்தபோது,
கையை நிறுத்தாமல் கேட்டேன்:
தேவகோட்டையில சாத்தப்பன் வாங்குன கடனுக்கு
ஜாமீன் கையெழுத்து யாருது?

கத்தியைத் துண்டில் துடைத்தேன்.
காத்திருந்தேன்.
நுரைக்கு அடியில் குரல்வளை
ஒருமுறை மேலே ஏறியது,
இறங்க மறந்து நின்றது.

டப்பா நுரையில் இது தெரிந்திருக்காது.

மேலுதடு பாக்கி இருந்தது.
இன்னும் கொஞ்சம்
தண்ணீர் விட்டுக் குழைத்தேன்.