தலையில்லாத தலை

பகலில் எனக்கு ஆம்பூர் பக்கம் வண்டி டியூ வசூல்.
ஹெல்மெட்டைக் கழற்றுமுன்
கதவுகள் சாத்திக்கொள்ளும்.
இரவில், வேலூர் கொசப்பேட்டை மாடியறையில்
கறுப்புத் தட்டில் இரண்டு சொட்டு பெட்ரோல்;
இங்கிலாந்தின் பழைய ஒரு பென்னி டியூ
குப்புறக் கிடக்கிறது.

தபால்தலைதான். தலை இல்லை,
எண் மட்டும்.
கடன் கேட்கப் போகிற இடத்துக்கு
எந்த ராஜா தன் மூஞ்சியை அனுப்புவான்?

நனைந்த தாளுக்குள் கிரீடம்
ஒருக்களித்துப் படுத்திருக்கும்.
இடமா வலமா,
அதில்தான் விலை.

நஃபீஸ் மூன்று தவணை பாக்கி.
போன வாரம் கதவைச் சாத்தவில்லை,
ஓர் உறையை நீட்டினான்:
"தோல்மண்டிப் பெட்டியில கிடந்தது, பாருங்க."

அரையணா குறைய ஒட்டி லண்டன் போன கடுதாசி.
அங்கே ஒரு பென்னி தண்டம் அழுத தரகன்
காசைக் கேட்டு
உறையையே திருப்பி அனுப்பியிருக்கிறான்.
கொடுத்தார்களா, தெரியாது.

இதன் கிரீடம் எந்தப் பக்கம்?
உரித்தால் தெரியும்.
உரித்தால் உறை போச்சு.

ஒரு தவணையை நானே கட்டினேன்,
ரசீதில் அவன் பெயர்.
மற்ற இரண்டுக்குத்
திங்கட்கிழமை போகவேண்டும்.
ஹெல்மெட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று
இப்போதே யோசனை.