41 முதல் 60 வரை

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கென்று
சொத்திக்குப்பத்திலிருந்து வந்த ஆடு.
கோவில் வேப்பமரத்தில் கட்டியிருந்தோம்.
கயிறு எட்டும் தூரத்தில்
என் பை.
பைக்குள் ரசீதுப் புத்தகம்.

நாற்பத்தொன்றிலிருந்து அறுபது வரை
அடிக்கட்டையோடு,
கார்பன் தாளோடு,
வாலிபர் ஐக்கியத்தின் முத்திரையோடு
தின்று முடித்து
நீலம் பாரித்த உதட்டை நக்கியபடி நின்றது.

பொருளாளர் நான்.
பி.காம். இரண்டாம் ஆண்டு.
பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து மூன்று முறை எண்ணினேன்.
மிச்ச ரசீதுகளைக் கழித்தால்
ஆடு தின்றது ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது.
யார் யார் என்பது
அதன் வயிற்றில்.

தானே புயலோடு போன ஓடுகள்.
மேலே போட்ட தார்ப்பாய்
ஐப்பசிக்கு ஒரு முழம் கிழியும்.
பலிபீடத்துக்கு மேலே தேக்கு உத்திரத்தில்
கரையான் தன் வசனத்தை எழுதிக்கொண்டிருந்தது.
சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம்,
காரைக்குடியிலிருந்து கொத்தனார் என்று
எஞ்சினியர் எழுதித் தந்த தொகையை
சாலமி
ஒன்று, பத்து, நூறு என
வலமிருந்து விரல் வைத்துப் போய்த்தான் வாசித்தாள்.
"இடிச்சுட்டு கான்கிரீட் போடுங்களேன், மலிவு"
என்றார் கமிட்டியில் ஒருவர்.
அன்று இரவுதான்
ரசீதுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்தோம்.

இப்போது முதுநகரில் தெருத்தெருவாகத் திரும்ப.
யோத்தாம் சைக்கிளில், நாங்கள் நடந்து.
"கோவில் ரிப்பேருக்கு நீங்க கொடுத்தீங்களா?"
கேட்கக் கூடாத கேள்வி அது என்று
மூன்றாவது வாசலில்தான் புரிந்தது.

ஐஸ் பேக்டரி கமாலுதீன் கொடுத்திருந்தார்;
ஈரத்தில் ஒட்டிக்கொண்ட அந்த நூறுகள்
எனக்கே நினைவிருந்தன.
கருவாடு விற்கும் செங்கேணி
"ஏன், கொடுக்காமலா?" என்றாள்.
சண்டை போட்டுக்கொண்டு
பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட
கிருபாவதி டீச்சர்
கதவைப் பாதி திறந்து "ஐநூறு" என்றார்.
துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர்
ஏலத்தை நிறுத்தாமலே
ஐந்து விரலைத் தூக்கிக் காட்டினார்.

இருபது பேர் இருக்கவேண்டிய இடத்தில்
இருபத்தேழு பேர்.
ஒன்பதாயிரத்து நானூறு.
டின்னில் இல்லாத மூவாயிரத்து ஐம்பதை
யார் எடுத்தது?
அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.
ஆட்டுக்கு மட்டும் நன்றாகச் செரித்திருந்தது.

விடிய ஆறு மணிக்குச் செங்கேணி வந்தாள்.
"நேத்து இல்லேன்னு சொல்ல
ஒரு மாதிரி இருந்துச்சு பாப்பா."
மடியிலிருந்து, நெத்திலி வாசத்தோடு, இருநூறு.
மத்தியானம் மெடிக்கல் கடைப் பையன்:
"முதலாளி கொடுக்கச் சொன்னாரு,
எதுக்குன்னு சொல்லலை."
டீச்சர் வரவில்லை.
ஞாயிற்றுக்கிழமை
எங்கள் காம்பவுண்டுச் சுவர்மேல்
கல் வைத்த ஐநூறு ரூபாய் இருந்தது.
சொன்ன பொய்யை
ஆளுக்கொரு நேரத்தில் வந்து
மெய்யாக்கிவிட்டுப் போனார்கள்.

ஏழில் ஆறு.
ஏழாவது யாரென்று தெரியும்,
என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொள்கிறார்.
"பலகையில அந்த ஆள் பேரு எதுக்கு?" என்றான் யோத்தாம்.
எழுதினேன்.
கணக்கு இன்றைக்கும் ஐநூறு இடிக்கிறது.

ஆடு பதினோராயிரத்துக்குப் போனது,
பிரியாணிக் கடைக்கு.
ரசீது எழுதும்போது
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாம் சேர்த்தும் பாதிக் கூரைக்குத்தான் கண்டது.
பெண்கள் பக்கம் புது ஓடு,
ஆண்கள் பக்கம் பழைய தார்ப்பாய்.
ஐப்பசி முதல் ஞாயிறு, நல்ல மழை.
சபை மொத்தமும் ஒரே பக்கத்தில்
தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தது.
ஐயர் பிரசங்கத்தைச் சுருக்கவில்லை.
பழக்கத்தில் காணிக்கைப் பை
யாருமில்லாத பெஞ்சுகள் வழியும் போய்
சொட்டச் சொட்டத் திரும்பியது.