வெயில் படக்கூடாது

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின்
பஸ்ஸின் கண்ணாடியை என் பக்கம் திருப்புவேன்.
பதினேழு வருடப் பழக்கம்.
இருக்கையோரப் பெட்டியில்
சில்லறைக்கும் உப்பு மிட்டாய்க்கும் நடுவே
ஒரு சாமணம்.
தாடையில் ஏழு, எட்டு.
பிடுங்கினால் பதினொன்றாய் வரும்.

ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியில்
சூரியன் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும்.
அந்த வாரம்தான் மாரெத்தின் கதவைத் தட்டினேன்,
மூன்று நாள் வளர்ந்த முடியோடு,
மூக்குவரை கம்பளிச் சால்வையோடு.
"சவரம் செய்துகொள், குற்றமில்லை.
பிடுங்குவதை மட்டும் இன்றோடு விடு.
வேர் இருந்தால்தான் எனக்கு வேலை."

படுத்தேன். வட்ட விளக்கு முகத்தின் மேல் குனிந்தது.
முடியைவிட மெல்லிய ஊசி;
குத்துவதில்லை,
முடி வந்த வழியிலேயே உள்ளே போகிறது.
பிறகு ஒரு சுரீர்,
மீன் பொரிக்கையில் தெறிக்கும் எண்ணெய்போல.
இன்னொன்று.
இன்னொன்று.
வலிக்கிறதா என்றாள். பரவாயில்லை என்றேன்.
கண்ணோரத்து நீர் காதுக்குள் இறங்கியது.
"மேலுதட்டுக்கு வருவேன்,
அப்போதும் இதையே சொல்கிறாயா பார்ப்போம்."

அவள் இழுக்கவில்லை.
காம்பு விட்ட இலைபோல் கழன்று வந்தது,
நுனியில் வெள்ளையாய் ஒரு குமிழ்.
இத்தனை வருடம் நான் போரிட்டது
இந்தப் பொட்டளவு ஈரத்தோடுதானா?

எத்தனை நாளாகும்?
"பஸ் ஓட்டுகிறாய், உனக்குத் தெரியாதா,
எல்லோரும் ஒரே நிறுத்தத்திலா ஏறுகிறார்கள்?
சில முடி இப்போது தூங்குகிறது.
எழும்போது வா.
ஒரு வருடம். ஒன்றரை என்று வைத்துக்கொள்."

வாசலில் நின்று, விரல்விட்டு, சொன்னாள்:
தொடாதே.
தொட்டுப் பார்க்கத் தோன்றும், அப்போதும் தொடாதே.
இரண்டு நாள் பவுடர் வேண்டாம், சௌனா வேண்டாம், நீச்சல்குளம் வேண்டாம்.
குளிர்ந்த துணி. கற்றாழை.
கடுகைவிடச் சின்னதாய்ப் பொருக்கு கட்டும், உரிக்காதே,
அதற்கு விழத் தெரியும்.
முக்கியமாக, வெயில் படக்கூடாது.

இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.
மதியம் ஒரு மணி.
தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.
அவள்தான் முதலில் சிரித்தாள்.

வீட்டில் இடப்பக்கம் மட்டுமே படுத்தேன்,
ஒட்வாருக்கு என் முதுகு.
சௌனாவுக்குக் கூப்பிட்ட குன்வோரிடம்
மாதவிலக்கு என்றேன்.
மூன்று வாரத்தில் இரண்டாம் முறையும் அதையே சொன்னபோது
அவள் விரல் தன் மேலுதட்டை ஒருமுறை தடவிவிட்டுப் போனது.
நான் எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி இருபத்தொன்று.
மலைகளுக்கு நடுவே சூரியன் வருகிற நாள்.
பள்ளிக்கூடம், வங்கி, துறைமுகம், எல்லாம் தெருவில்,
கையில் ஜாம் வைத்த பன்னோடு, தெற்கே முகம் தூக்கி.
முந்தின நாள்தான் மாரெத் மேலுதட்டுக்கு வந்திருந்தாள்.
(பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை.)
ஊரே சால்வையை இறக்க
நான் ஏற்றிக்கொண்டேன்.

ஒட்வார் ஒரு விரலால் அதைக் கீழே தள்ளினான்.
வீக்கத்தைப் பார்த்தான், சிவந்த புள்ளிகளைப் பார்த்தான்.
"கொசுவா?"
முழங்கால் பனியில், ஜனவரியில்.
"இல்லை," என்றேன். "தாடி."

அவன் பன்னை மென்று முடித்தான்.
ஜாம் அவன் தாடியில் ஒட்டியிருந்தது.
வெயில் படக்கூடாதாம் என்றேன், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.
ஓரடி நகர்ந்து
எனக்கும் தெற்குக்கும் நடுவே வந்து நின்றான்.
நாலு நிமிடம்தான் இருந்தது சூரியன்.
அத்தனையும் அவன் முதுகில்.

இன்னும் பத்து மாதம் இருக்கிறது.
செவ்வாய்க்கிழமைகள், நாலு பத்துக்கு.
சாமணம் பெட்டியிலேயே கிடக்கிறது;
போன வாரம் ஒரு பையனின் கட்டைவிரலிலிருந்து
மரச்சிராய் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.