மறுகா

சிங்களத்தில் அவர் கேட்பதெல்லாம்
என் வாயில் ஒரே சொல்தான்:
மறுகா?

"குடும்பிமலையால இறங்கினன். ரெண்டு ராவு.
வயித்தால போச்சு."

மறுகா?

"திகிலிவெட்டையில தோணி இல்ல.
துவக்க கண்ணாப்பத்தைக்குள்ள தாட்டன்.
சப்பாத்தக் கழட்டிக் காயவெச்சன்."

அதிகாரி சிரித்தார். ஓடுகிறவனுக்குக்
காய்ந்த சப்பாத்து எதற்காம்.

"அது என்டயில்ல, சேர்.
வினோகாந்தன்ட. திருப்பிக் குடுக்கணும்."

வினோகாந்தன் எங்கே என்று
கேட்கச் சொன்னார். கேட்டேன்.
பையன் தன் காலைப் பார்த்தான்.

தகட்டிலக்கம்?
எட்டு இலக்கங்களைத் தடக்காமல் ஒப்பித்தான்.
அதிகாரி எழுதி, அடியில் கோடும் போட்டார்.
என் மகளின் ஓலெவல் சுட்டெண்ணும்
அப்படித்தான் தொடங்கும்.
டிசம்பரில் எங்கோ ஒரு மேசை
காலியாய்க் கிடந்திருக்கும்.

இலக்கங்களுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை.
வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே ஜெனரேட்டர் நின்றது.
இருட்டில்,
யாரும் கேட்கச் சொல்லாமலே,
"மறுகா, மனே?" என்றேன்.