ஏழாம் பாகம்

காற்று வினாடிக்கு இருபது மீட்டரைத் தொட்டால்
கிரேனை நிறுத்தச் சொல்லி விளக்கு சிவக்கும்.
கிடினியா துறைமுகத்தின் ஜனவரியில்
அது எனக்குப் பள்ளி விடுகிற மணி.
நாற்பது மீட்டர் உயரக் கூண்டில்,
கண்ணாடித் தரைமேல் பூட்ஸ் கால்களை நீட்டி,
ரொட்டிப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து
கேப்டன் ஓரெலாவை வெளியே எடுப்பேன்.

ஒன்பது பாகங்கள். மட்டக் காகிதம்.
அட்டையில் அவளுக்கு வரைந்திருக்கும் உடுப்பில்
ஒருத்தி மாடிப்படிகூட ஏற முடியாது,
விண்கலம் எங்கே ஓட்டுவது.
உள்ளே இருப்பவள் வேறு.
கிரீஸ் படிந்த மேலங்கி.
கலத்துக்குக் 'கடன்காரி' என்று பெயர்.
மூன்று சூரியன்களின் வங்கிகளிலும் தவணை பாக்கி.
பேரரசின் போர்க்கப்பல் வழிமறித்தால்
"வரிசையில் நில்,
உனக்கு முன்னால் பதினோரு பேர்" என்பாள்.

அந்த வரிக்கு நான் சிரித்தது
வயர்லெஸ்ஸில் போய்விட்டது.
"கிங்கா, மேலே யார் உன்னோடு?" என்றான் யாரோமிர்.
சொன்னேன்.
அன்றிலிருந்து காற்று தணியும்போதெல்லாம்
"உன் ஆள் இன்று யாரை அடித்தாள்?"
அவன் படிக்க மாட்டானாம், சிறுபிள்ளைச் சமாசாரமாம்.
ஆனால் ஒரு சண்டையை நான் சுருக்கினால்
உடனே கண்டுபிடித்துவிடுவான்.

முதல் வருஷம்
நான் எத்தனை நாளில் அழுதுகொண்டு இறங்குவேன் என்று
ஏணியடியில் பந்தயம் கட்டினார்கள்.
அப்போது எனக்கு ஓரெலாவைத் தெரியாது.
தெரிந்திருந்தால் நானும் பணம் போட்டிருப்பேன்,
என் பக்கமாக.
இரண்டாம் பாகத்தில் அவள் செய்வது அதுதான்.
அந்தக் காசில்தான் எரிபொருளே வாங்குகிறாள்.

ரயிலடிப் பழைய புத்தகக் கடையில்
ஆறுக்குப் பிறகு எட்டுதான் இருந்தது.
ஆறின் கடைசிப் பக்கத்தில்
இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்து
சாகிற விண்மீன் ஒன்றுக்குள் பாய்கிறாள்.
எட்டின் முதல் வரியில்
இடது கை இல்லை.
இரும்புக் கொக்கி. அதில் தேநீர்க் குவளை.
எதிரே பரம விரோதி தளபதி ஸேன்;
இருவரும் சீட்டாடுகிறார்கள்.

நடுவில் என்ன நடந்தது?

குளிர்காலம் முழுக்க அதை நானே எழுதினேன்,
பேனா இல்லாமல், பெட்டி பெட்டியாக.
இருபது டன் இறங்கி லாரியில் அமர்வதற்குள்
ஒரு வாக்கியம்.
ஸேனின் மகனைத் தீயிலிருந்து இழுக்கப் போய்
கை போனது என்றேன்.
"அவளே வெட்டியிருப்பாள்" என்றான் யாரோமிர்.
உணவகத்து கிராஷினா
சூப் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:
"அடகு வைத்திருப்பாள்."
மூன்று நாள் யாராலும் அதை மறுக்க முடியவில்லை.

மார்ச்சில், உயரத்துக்குப் பயந்த யாரோமிர்
ஏணியில் ஏறி வந்தான், முகம் வெளுத்து.
சட்டைக்குள் ஏழாம் பாகம்.
ஷ்செச்சினில் ஒரு நூலகம் கழித்துக் கட்டியதாம்.
"நான் பார்க்கவேயில்லை" என்றான்.
அறுபதாம் பக்கத்தில் ஹெரிங் மீனின் எண்ணெய்.
நூற்றுப் பத்திலும்.

பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
விண்மீனிலிருந்து தப்பி, கலம் அமைதியாய் மிதக்க,
ஓரெலா பசியோடு போகிறாள்;
சமையலறைக் கதவு கையில் சாத்திக்கொள்கிறது.
அவ்வளவுதான்.
மூன்றாம் பாகத்திலிருந்தே கிறீச்சிட்ட கதவு.
பழுது பார்க்க நாற்பது காசு கேட்டபோது
"அடுத்த துறைமுகத்தில்" என்றவள் அவளேதான்.
ஒன்றரைப் பக்கம் வைகிறாள், கதவை, வங்கியை, தன்னை.
பிறகு மற்றக் கையில் கரண்டியைக் கேட்கிறாள்.

ஒரு ஷிஃப்ட் முழுக்க எனக்குக் கோபம்.
கை போகிற விதமா இது!
பன்னிரண்டு வாரம் விண்மீன்களைக் கொளுத்தியவள் நான்.
இறங்கும்போது
ஒன்பதாவது படி வழக்கம்போல் ஆடியது.
இரண்டு வருஷமாக ஆடுகிறது.
கீழே வந்ததும் புகார்ப் படிவத்தை வாங்கி
நின்றபடியே எழுதிக் கொடுத்தேன்.
மேலாளர் என்னைப் பார்த்த பார்வைக்கு
ஒரு பதில் தயாராக இருந்தது,
பதினோரு பேர் வரிசை என்று.
அடக்கிக்கொண்டேன்.

இன்று ஒன்பதாம் பாகம், பிரிக்காதது.
கடல் பக்கம் மேகம் கறுக்கிறது.
காற்றுமானியில் பத்தொன்பது.
இன்னும் கொஞ்சம் ஊது என்கிறேன்,
பெட்டியொன்றை மெல்ல மெல்ல இறக்கியபடி.
வயர்லெஸ்ஸில் யாரோமிர் தொண்டையைச் செருமுகிறான்.