பந்து விழும் பள்ளம்

எங்கள் மைதானத்துக்கு மூன்று பக்கம்தான்.
நான்காவது பக்கம் பள்ளத்தாக்கு.
அடியில் க்விரிலா ஆறு
மாங்கனீசு கழுவிக் கழுவி
மைப்புட்டி கவிழ்ந்ததுபோல் ஓடுகிறது.

நான் எதெரி. கயிற்றுப் பெட்டி ஓட்டுகிறவள்.
காலை ஐந்தேகாலுக்கு முதல் பெட்டி.
யார் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே ஏறுகிறான்,
யார் முந்தின இரவின் சாச்சா வாசனையோடு,
யார் இரட்டை ஷிப்ட் முடித்து
நின்றபடியே தூங்கி இறங்குகிறான்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
அதனால்தானோ என்னவோ
பழைய பயிற்சியாளர் லாரி ஓட்டப் போலந்துக்குப் போனபோது
விசிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தேர்வுக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள்.
ராமாஸும் வந்தான்.
அவன் காலில் பந்து
வளர்த்த பூனை மாதிரி,
உரசும், சுற்றும், விட்டுப் போகாது.
மூன்று பேரை ஏமாற்றிவிட்டு
நான்காமவனுக்காக நின்று
அவனையும் ஏமாற்றினான்.
எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

பிறகு யாரோ ஓங்கி உதைத்ததில்
பந்து நான்காவது பக்கம் போயிற்று.

(அது என் திட்டமில்லை, சத்தியமாக.
பின்னால் ஊர் அப்படிப் பேசிக்கொண்டது.
நானும் மறுக்கவில்லை.)

எல்லோரும் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு படி.
"வேற பந்து இருக்குல்ல?" என்றான் ராமாஸ்
மதில்மேல் உட்கார்ந்து
சூரியகாந்தி விதை கொறித்தபடி.
இருந்தது. என் பைக்குள் இருந்தது.
நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் இறங்கியவன் குஜா.
ரொட்டிக்கடை அடுப்பில் வேலை.
இடக்கால் வெறும் அலங்காரம்.
அவன் பின்னால் மல்ஹாஸ்,
அப்புறம் பெயர் கேட்டால்
தரையைப் பார்க்கும் அந்த இரட்டையர்கள்.
கடைசிப் படியில் அவர்கள் மூச்சு வாங்கி நிற்க,
பந்து ஆற்றோடு போவதைப் பார்த்து
குஜா மட்டும் கரையோரம் ஓடினானாம்,
அடுத்த பாலம்வரை,
அதற்கும் அடுத்தது.

இருட்டிய பிறகு வந்தான்.
முழங்காலுக்குக் கீழே கறுப்பு.
கக்கத்தில் கறுப்புப் பந்து.
"லேட்டாயிருச்சு" என்றான்,
தப்பு செய்தவன்போல.

நோட்டில் முதல் பெயர் அவனுடையது.

ராமாஸை வேண்டாமென்று நான் சொல்லவில்லை.
அவன்தான் குடாயிசிக்குப் போனான்.
நன்றாக ஆடுகிறானாம். ஆடட்டும்.
சில ராத்திரி பட்டியலைப் பார்த்தால்
ஓரிடம் காலியாக இருப்பதுபோல் தோன்றும்.
பொய் சொல்ல மாட்டேன்.

முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினோம்.
இரண்டாவதில் நான்கு.
மூன்றாவதில் மழை, அதனால் மூன்று.
ஆனாலும் செவ்வாயும் வியாழனும்
ஒருவன் தவறியதில்லை.
சுரங்கத்திலிருந்து
தலைவிளக்கைக் கழற்றாமலே வந்தார்கள்.
மைதானத்துக்கு விளக்கில்லை என்ற குறை
அப்படித் தீர்ந்தது.
பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்த கிழவர்கள்
நட்சத்திரங்கள் சண்டை போடுவதாகச் சொன்னார்கள்.
பாஸ் கொடுக்கத் தெரியாத நட்சத்திரங்கள் என்றும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு.
நாங்கள் பூஜ்யம், அவர்கள் நான்கு.
எண்பத்தெட்டாவது நிமிடம்.
பந்து மறுபடியும் நான்காவது பக்கம்.

எதிரணி தண்ணீர் குடிக்கப் போனது.
மாற்றுப் பந்தை எடுக்கப் பைக்குள் கைவிட்டு
நிமிர்ந்து பார்த்தால்
மைதானத்தில் என் ஆட்கள் ஒருவருமில்லை.
கோல்கீப்பர் டாரியேல்கூடக் கையுறையோடு
படியில் தாவிக்கொண்டிருந்தான்.

நடுவர் கடிகாரத்தை எனக்குக் காட்டினார்.
"இன்னும் ரெண்டு நிமிஷம்தானே, எதுக்கு?"

"ரெண்டு நிமிஷம் இருக்கே" என்று சொல்லிவிட்டு
கழுத்தில் கிடந்த சாவியைப் பிடித்துக்கொண்டு
பெட்டியைக் கீழே அனுப்ப
ஓடினேன்.