புள்ளியில்லாப் பெயர்

கிங் சிட்டி மைதானத்தில் முதலில் வாத்துகளை விரட்டவேண்டும்.
ஸ்டம்ப் நடுவது பிறகு.
ஜூலையிலும் ஜாக்கெட்டைக் கழற்றாத முப்பத்து நான்கு பார்வையாளர்கள்,
இரண்டு நாய்கள், நானூறாம் நெடுஞ்சாலையின் இரைச்சல்,
கூடாரத்தில் மடக்குமேசை போட்டு நான்.

வாரநாளில் ஸ்கார்பரோவில் மருந்துக்கடை, மாத்திரை எண்ணுகிறேன்.
சனி ஞாயிறில் ஓட்டம்.
கணினியில் ஏற்ற ஒரு பையன் இருக்கிறான்.
எனக்குப் பென்சில், பச்சை அட்டைப் புத்தகம்.
ஓட்டமில்லாப் பந்துக்கு ஒரு புள்ளி.
ஓவரில் ஆறும் புள்ளியானால்
ஆறையும் கோட்டால் இணைத்து
இரண்டு முகடுள்ள மலை வரைவோம். மெய்டன்.

டெரிக் வீராசாமி ஆடும் முனையில்
அந்த மலையை நான் வரைந்ததே இல்லை.

தொடக்க ஆட்டக்காரன். பிராம்டனில் வீடுகளுக்கு
ஜிப்சம் பலகை அடிக்கிற வேலை.
முதல் பந்தை விட்டுப் பார்ப்பது அவனுக்கு
கடன் சொல்லிச் சாமான் வாங்குவது மாதிரி.
வின்ட்ஹுக்கில் பத்தொன்பது பந்தில் ஐம்பது.
பெர்முடாவில் நூற்றுப் பதினொன்று;
ஒரு பந்து கடலுக்குப் போய்விட்டதென்று
நடுவர் கையை விரித்தாராம்.
காட்மாண்டுவில் நூறு, பாதி மேகத்துக்குள்.
இரவு மூன்று மணிக்குக் கைபேசியில்
ஒவ்வொரு பந்தும் ஒரு வரியாக வரும்.
சமையலறையில் நின்றபடி எழுதிக்கொள்வேன்.
மூன்றாவது சதம் கணக்கில் வராது, பயிற்சி ஆட்டம்.
அது ஒரு மருந்துப் பையின் பின்புறத்தில் இருக்கிறது.
பத்திரிகையில் ஹாக்கிக்குக் கீழே நாலு வரி,
பெயரில் ஒரு பிழை.

கயானாக்காரன். தமிழ் ஒரு சொல் தெரியாது.
ஐந்து தலைமுறைக்கு முன் கப்பலேறிய யாரோ ஒருவரின் பெயர்
இவனுக்குக் கடைசிப் பெயராக வந்து நிற்கிறது.
மழை இடைவேளையொன்றில்
புத்தக ஓரத்தில் தமிழில் எழுதிப் பார்த்தேன்.
வீ. ரா. சா. மி.
ஒரு எழுத்தின் தலையிலும் புள்ளி இல்லை.
புள்ளி வைத்தால் மெய், மெய்க்கு அரை மாத்திரை.
பள்ளிக்கூடத்துப் பாடம்,
கடையில் மாத்திரையை இரண்டாக உடைக்கும்போது
இன்னும் வாயில் வரும்.
இவன் பெயரில் அரை என்று எதுவுமே இல்லை.

முப்பத்தொன்பதாவது ஆட்டம்.
முதல் பந்தை விட்டான்.
இரண்டாவதற்கு மட்டை நேராக, அடக்கமாக, வேறு யாரோ போல.
மூன்றாவதில் கணினிப் பையன் திரும்பி என்னைப் பார்த்தான்.
நாலு.
ஐந்தாவதற்கு முன் கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான்.
ஆறு.
மலையின் இரண்டாம் முகடு கோணிவிட்டது.
அழித்து மறுபடி வரைந்தேன்.

அடுத்த ஓவரின் முதல் பந்தில் மற்றவன் ஒன்று ஓடினான்.
இரண்டாவது, நடு ஸ்டம்ப்.

உடைமாற்றும் அறைக்குப் போகாமல் நேரே கூடாரத்துக்கு வந்தான்.
ஸ்ட்ரைக் ரேட் எவ்வளவு என்றான்.
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று ஓட்டம்.
காலையில், நூற்று முப்பத்திரண்டு புள்ளி ஆறு.
இப்போது, நூற்று முப்பத்தொன்று புள்ளி ஐந்து.
அங்கேயும் ஒரு புள்ளி.

ஏப்ரலிலிருந்து பந்து இரண்டாக வருகிறது என்றான்.
எதை அடிப்பதென்று தெரியவில்லை.
நீ மருந்துக்கடைதானே, வெளியே சொல்லமாட்டாய்.

பிறகு ஓரத்தைப் பார்த்தான். இது என்ன?
உன் பெயர்.
இவ்வளவு சின்னதா?
பென்சிலை வாங்கினான்.
கடைசி எழுத்தை அடுத்து, கோட்டின்மேல்,
எந்த வாக்கியத்துக்கும் வைப்பதுபோல ஒன்று வைத்தான்.

அதற்குள் மூன்றாமவன் கார்டு கேட்டுக்கொண்டிருந்தான்.
பந்துவீச்சாளன் திரும்பி ஓடிவரத் தொடங்கிவிட்டான்.
பென்சிலைக் கொடு, டெரிக், என்றேன்.